இரத்த ஓட்டம், இரத்த அழுத்தம், கிளாக்கோமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாக்கோமா இருப்பதாகத் தெரிய வந்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "எனக்கு ஏற்கெனவே பிரஷர் இருக்கிறது, அதுதான் கண்ணுக்கும் ஏறிவிட்டதா?" என்பதுதான். கேள்வி எளியது, பதில் அவ்வளவு எளியதல்ல. இரண்டு அழுத்தங்களுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது பலரும் எண்ணும் திசையில் இல்லை.

கிளாக்கோமா என்பது கண்ணில் அழுத்தம் கூடுவதுதானே? இரத்த ஓட்டத்துக்கு அதில் என்ன வேலை?

கிளாக்கோமா என்பது பார்வை நரம்பு படிப்படியாக அழியும் நோய். தமிழில் இதற்குக் கண் நீர் அழுத்த நோய் என்று பெயர் வழங்குவதால், அழுத்தம் கூடுவதே நோய் என்று எண்ணிவிடுகிறோம். அந்தப் பெயர் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. நரம்பைக் கெடுக்கும் காரணங்களில் கண் அழுத்தம் முதன்மையானது. அதைக் குறைத்தால் நோயின் வேகம் குறையும் என்பதும் ஐயமின்றி நிறுவப்பட்டிருக்கிறது. ஆனால் கண் அழுத்தம் (பொதுவாக 10 முதல் 21 வரை இருப்பது) 26 இருந்தும் பல ஆண்டுகள் நரம்பு கெடாமல் இருப்பவர்கள் உண்டு. 14-ஐத் தாண்டாமலேயே பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் சுற்றிலும் காணக்கூடிய பரப்பு, சுருங்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அழுத்தம் ஒன்றையே காரணமாகக் கொண்டால் இந்த இரு சாராரையும் விளக்க முடியாது.

ஒவ்வொரு கண்ணிலும் 10 முதல் 12 லட்சம் நரம்பிழைகள் ஒன்றுகூடி, கண்ணின் பின்புறத்தில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு வட்டத்தின் வழியாக வெளியேறுகின்றன. பார்வை நரம்பின் தலைப்பகுதி என்று மருத்துவர்கள் சொல்லும் அந்த வட்டம்தான் கிளாக்கோமா தாக்கும் இடம். அங்கே சல்லடை போன்ற ஒரு தட்டின் துளைகளுக்குள் நரம்பிழைகள் நுழைந்து செல்கின்றன. அந்தத் தட்டுக்குள்ளேயே மிக நுண்ணிய இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. கண்ணின் உள்ளழுத்தம் கூடினால் தட்டு பின்னோக்கி வளைந்து நரம்பிழைகளையும் நெருக்கும், இரத்தக் குழாய்களையும் நெருக்கும். எனவே அழுத்தத்தால் வந்த சேதமா, இரத்தக் குறைவால் வந்த சேதமா என்று ஒரே வெட்டில் பிரித்துக் கூற இயலுவதில்லை. இரண்டும் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக நடக்கின்றன.

கண் அழுத்தமும் இரத்த அழுத்தமும் ஒன்றா? பி.பி. கூடினால் கண் அழுத்தமும் கூடுமா?

இரண்டும் வேறு வேறு. இரத்த அழுத்தம் என்பது இதயம் தள்ளும் இரத்தம் குழாய்ச் சுவரின் மேல் செலுத்தும் அழுத்தம். கண் அழுத்தமோ, கண்ணின் முன்பகுதியில் ஓயாமல் சுரந்து ஓயாமல் வடியும் தெளிந்த நீரைப் பொறுத்தது. நிமிடத்துக்குச் சுமார் 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் வரை சுரக்கும் அந்த நீர், கருவிழியின் ஓரத்தில் உள்ள வடிகால் வலைப்பின்னல் வழியாக வெளியேறிச் சிரைகளில் கலக்கிறது. வடிகால் அடைபட்டாலோ மந்தப்பட்டாலோ கண் அழுத்தம் ஏறும். இரு அழுத்தங்களையும் பாதரச மில்லிமீட்டரில்தான் அளக்கிறோம் என்பதால் குழப்பம் வருகிறது. கண்ணில் 10 முதல் 21 வரை பொதுவான அளவு, கையில் 120/80.

பி.பி. கூடும்போது கண் அழுத்தமும் சிறிது கூடுவது உண்மைதான், ஆனால் மிகச் சிறிது. மேல் அளவு 10 புள்ளி ஏறினால் கண் அழுத்தம் கால் புள்ளி அளவுக்கே ஏறுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 160 என்ற பி.பி.யை 130-க்குக் கொண்டுவந்தாலும் கண்ணில் முழுதாக ஒரு புள்ளி கூடக் குறையாது. ஆகவே பி.பி. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதால் கண் அழுத்தமும் சரியாகிவிடும் என்று நம்பிச் சொட்டு மருந்தை விட்டுவிடக் கூடாது.

அப்படியானால் இரண்டுக்கும் உண்மையான தொடர்பு எங்கே இருக்கிறது?

இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. இரத்தம் கண்ணுக்குள் நுழைய வேண்டுமானால், உள்ளே இருக்கும் அழுத்தத்தை மீறித்தான் நுழைய வேண்டும். வெளியிலிருந்து தள்ளும் அழுத்தத்தில் உள்ளிருந்து எதிர்க்கும் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதே நரம்புக்கு இரத்தத்தை ஊட்டும் அழுத்தம். மருத்துவர்கள் இதைப் பெர்ஃப்யூஷன் பிரஷர் என்கிறார்கள். இங்கே ஊட்டழுத்தம் என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்வோம்.

அமர்ந்திருப்பவருக்கு இதைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரம் இது: பி.பி.யின் கீழ் அளவோடு, மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் சராசரி இரத்த அழுத்தம் கிடைக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு கண் அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். மூன்றில் இரண்டு என்று குறைத்துக்கொள்வதற்குக் காரணம், உட்கார்ந்திருக்கும்போது கண் இதயத்தைவிட உயரத்தில் இருக்கிறது, அவ்வளவு தூரம் மேலே ஏறும் இரத்தத்தின் அழுத்தம் வழியில் குறைந்துவிடுகிறது என்பதே. 120/80 உள்ள ஒருவருக்குச் சராசரி 93. அதில் மூன்றில் இரண்டு 62. கண் அழுத்தம் 15 என்றால் ஊட்டழுத்தம் 47. அதே 15 கண் அழுத்தத்தோடு பி.பி. 90/60 உள்ள இன்னொருவருக்கு அது 32-க்குச் சற்றுக் குறைவாகவே வரும். கண் மருத்துவரின் ஏட்டில் இருவருக்கும் 15 என்றே எழுதப்பட்டிருக்கும். இருவரின் நரம்பும் வாழும் நிலைமை ஒன்றல்ல.

இந்தக் கணக்கை வீட்டில் போட்டுப் பார்த்துக் கலங்க வேண்டாம். இது மதிப்பீடுதானே தவிர, நரம்பில் ஓடும் இரத்தத்தை அளந்து சொன்ன எண் அல்ல. நலமான கண்ணில் ஊட்டழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் நுண்குழாய்கள் தாமாகவே சுருங்கியும் விரிந்தும் ஓட்டத்தை ஏறத்தாழ ஒரே அளவில் காத்துக்கொள்கின்றன. இந்தத் தற்சீரமைப்பு பழுதுபட்டவர்களுக்கே ஊட்டழுத்தத்தின் இறக்கம் நேரடியாக இரத்தக் குறைவாக மாறுகிறது என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

உயர் இரத்த அழுத்தம் ஆபத்தா, குறைந்த இரத்த அழுத்தம் ஆபத்தா?

கிளாக்கோமாவைப் பொறுத்தவரை, குறைந்த இரத்த அழுத்தத்துக்கு எதிரான சான்றுகளே உறுதியாக இருக்கின்றன. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்த கண் ஆய்வின் முடிவுகள் 1995-இல் வெளியாயின. பி.பி.யின் கீழ் அளவிலிருந்து கண் அழுத்தத்தைக் கழித்துக் கிடைக்கும் எண் மிகக் குறைவாக, அதாவது 30-க்கும் கீழே இருந்தவர்களிடையே, வடிகால் கோணம் மூடாமலேயே வரும் திறந்த கோணக் கிளாக்கோமா ஏறத்தாழ ஆறு மடங்கு மிகுந்து காணப்பட்டது. பார்படோஸ் தீவிலும் இத்தாலியிலும் நடந்த ஆய்வுகள் இதே போக்கைக் காட்டின. சுவீடனில் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தொடக்கத்திலேயே கண் அழுத்தம் குறைவாக இருந்தவர்களில் பி.பி.யின் மேல் அளவும் குறைவாக இருந்தால் நோய் முன்னேறும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

உயர் இரத்த அழுத்தத்தின் கதை வயதோடு மாறுகிறது. அதே பால்டிமோர் ஆய்வில், இளையவர்களிடம் உயர் பி.பி. தீங்காகத் தென்படவில்லை, முதியவர்களிடமோ அது நோயோடு சேர்ந்து காணப்பட்டது. தொடக்கத்தில் உயர்ந்த அழுத்தம் இரத்தத்தைக் கண்ணுக்குள் வலுவாகத் தள்ளுகிறது. ஆண்டுகள் போகப்போக அதே அழுத்தம் நுண்குழாய்களின் சுவர்களைத் தடிக்கச் செய்து, அவற்றின் விரிந்து சுருங்கும் திறனைப் பறித்துவிடுகிறது என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு இந்த விளக்கம் நியாயமாகவே படுகிறது, என்றாலும் இது விளக்கம்தான், நிரூபணம் அல்ல. கண்ணுக்கு நல்லது என்று பி.பி.யை உயரவிட்டு வைப்பதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. மூளையும் இதயமும் சிறுநீரகமும் அதற்கு விலை கொடுக்கும்.

இரவு நேரத்தைப் பற்றி மருத்துவர்கள் ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்?

ஏனென்றால் பகல் நேரப் பரிசோதனையில் பிடிபடாத சேதம் இரவில் நடக்கக்கூடும். உறங்கும்போது பி.பி. பகல் அளவிலிருந்து 10 முதல் 20 சதவீதம் வரை இறங்குவது இயல்பு. சிலருக்கு 20 சதவீதத்துக்கும் மேலாக இறங்குகிறது. அதே வேளையில், படுத்த நிலையில் கண் அழுத்தம் சில புள்ளிகள் ஏறுகிறது. பகலில் 130/80 பி.பி.யும் 15 கண் அழுத்தமும் உள்ளவருக்குக் கீழ் அளவுக்கும் கண் அழுத்தத்துக்கும் இடைவெளி 65. இரவு மூன்று மணிக்கு அவருடைய கீழ் அளவு 55-க்கு இறங்கி, கண் அழுத்தம் 19-க்கு ஏறினால் இடைவெளி 36. அவர் எந்த வலியும் உணராமல் உறங்கிக்கொண்டிருப்பார். படுக்கும்போது கண்ணும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வருவதால் இரத்தம் மேலே ஏற வேண்டிய சுமை நீங்குகிறது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். அது இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. ஆனால் பி.பி. மிக ஆழமாக இறங்குபவர்களுக்கு அந்த ஈடு போதாமல் போகலாம்.

அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோஹன் சிங் ஹேரே, பார்வை நரம்பின் இரத்த ஓட்டத்தை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். நரம்பின் தலைப்பகுதிக்குப் பெருமளவு இரத்தம் கொண்டுவருபவை விழித்திரையின் மையத் தமனி அல்ல, கண்ணின் பின்புறத்தில் நுழையும் குறுந்தமனிகளே என்பதை வலியுறுத்தியவர் அவர். நோயாளிகளுக்கு 24 மணி நேர பி.பி. பதிவுக் கருவியைக் கட்டிவிட்டு இரவு நேர இறக்கத்தைப் பதிவு செய்து, நரம்புச் சேதத்தில் அதற்குப் பங்கிருக்கலாம் என்று 1994-இல் எழுதினார். கண் அழுத்தம் கட்டுக்குள் இருந்தும் பார்வைப் புலப் பரிசோதனை முறைக்கு முறை மோசமாகிக்கொண்டே வருபவர்களுக்கு அந்தக் கருவியை ஒரு நாள் கட்டிப் பார்ப்பது பயனுள்ளது என்பது என் கருத்து. எல்லாக் கிளாக்கோமா நோயாளிகளுக்கும் அது தேவைப்படாது.

கண் அழுத்தம் எப்போதும் சரியாகவே இருந்தது. எனக்கு எப்படிக் கிளாக்கோமா வந்தது?

இதை இயல்பழுத்தக் கிளாக்கோமா என்பார்கள். அரிய வகை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானின் தஜிமி நகரில் 40 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், திறந்த கோணக் கிளாக்கோமா கண்டறியப்பட்டவர்களில் 92 சதவீதத்தினருக்குக் கண் அழுத்தம் 21 அல்லது அதற்கும் கீழே இருந்தது. இரத்த ஓட்டத்தின் பங்கு இந்த வகையில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. கை கால் எப்போதும் சில்லிட்டிருத்தல், ஒற்றைத் தலைவலி, இயல்பாகவே குறைந்த பி.பி. ஆகியவை இவர்களிடம் அடிக்கடி சேர்ந்து காணப்படுகின்றன. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த கண் மருத்துவர் யோசப் ஃபிளாமர் இந்த இயல்புத் தொகுப்பை விரிவாக விவரித்தார். குளிருக்கும் மனப் பதற்றத்துக்கும் நுண்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்குவதே இதன் அடிப்படை என்றார்.

இன்னொரு தடயமும் உண்டு. பார்வை நரம்பு வட்டத்தின் விளிம்பில், தீச்சுடர் வடிவில், மெல்லிய கோடு போல ஒரு சிறு இரத்தக் கசிவு சில நேரம் தென்படும். சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ சுவடின்றி மறைந்துவிடும் என்பதால், அந்த நேரத்தில் மருத்துவர் கவனித்துப் பார்த்தால்தான் உண்டு. கனடாவின் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரான்ஸ் இதன் முக்கியத்துவத்தை எடுத்துக் காட்டினார். இந்தக் கசிவு தோன்றிய இடத்தை ஒட்டிப் பின்னாளில் நரம்பிழைகள் தேய்வது வழக்கம். ஆகவே இதை மருத்துவர்கள் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

அழுத்தம் இயல்பாக இருக்கிறதே, பிறகு ஏன் சொட்டு மருந்து என்று கேட்பது நியாயம்தான். இயல்பழுத்தக் கிளாக்கோமாவுக்கென்றே நடந்து 1998-இல் முடிவுகள் வெளியான கூட்டாய்வில், கண் அழுத்தத்தை மேலும் 30 சதவீதம் குறைத்தவர்களில் 12 சதவீதத்தினருக்கே நோய் முன்னேறியது. மருத்துவம் பெறாதவர்களில் அது 35 சதவீதம். ஊட்டழுத்தத்தின் கணக்கை நினைவில் வைத்தால் இது புரியும். கழிக்கப்படும் எண் சிறுத்தால் மிஞ்சுவது கூடும்.

அப்படியென்றால் என் பி.பி. மாத்திரையை நிறுத்திவிடலாமா? இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாமா?

நிறுத்தக் கூடாது. பக்கவாதத்தையும் மாரடைப்பையும் அந்த மாத்திரை தடுக்கிறது என்பதற்கான சான்று மலைபோல் இருக்கிறது.

நேரத்தை மாற்றுவது வேறு விஷயம். படுக்கும் முன் மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கு, மருந்தின் வேகம் உச்சத்தில் இருக்கும் நேரமும் உடல் இயல்பாகவே பி.பி.யை இறக்கும் நேரமும் ஒன்றோடொன்று பொருந்திவிடக்கூடும். கிளாக்கோமா முன்னேறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இரவில் பி.பி. ஆழமாக இறங்குகிறது என்று பதிவும் காட்டினால், மாத்திரையைக் காலைக்கு மாற்றுவதைப் பற்றியோ அளவைத் திருத்துவதைப் பற்றியோ இரு மருத்துவர்களும் பேசி முடிவெடுப்பது பொருத்தம். சிலருக்கு இரவில் பி.பி. இறங்குவதே இல்லை, அவர்களுக்கு இரவு மாத்திரை காரணத்தோடுதான் கொடுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் இதை நோயாளி தானாக மாற்றிக்கொள்வது சரியாகாது.

பி.பி. மருந்துகளில் கண்ணுக்கு நல்லது, கெட்டது என்று உண்டா?

இதயத் துடிப்பை மந்தப்படுத்தி பி.பி.யைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் கண் அழுத்தத்தையும் ஓரளவு குறைக்கும். இதில் நன்மையைவிடக் குழப்பம் அதிகம்: அவற்றை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டி நோயை மறைக்கக்கூடும், அதே வகைச் சொட்டு மருந்தும் அவருக்கு எதிர்பார்த்த பலனைத் தராமல் போகலாம். இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் கால்சியம் சேனல் பிளாக்கர் வகையைச் சாப்பிடுபவர்களிடம் கிளாக்கோமா சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது என்று பிரிட்டனின் பெருந்தரவு ஒன்றிலிருந்து 2023-இல் ஓர் ஆய்வு வெளியானது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, மருந்துதான் காரணம் என்று காட்டவில்லை. அதை நம்பி மாத்திரையை மாற்றச் சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

சொட்டு மருந்து இரத்த அழுத்தத்தைப் பாதிக்குமா?

பாதிக்கும், இதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. டிமோலால் என்னும் கிளாக்கோமா சொட்டு மருந்து ஒரு பீட்டா பிளாக்கர். கண்ணில் விட்ட சொட்டு, கண்ணின் மூக்கோரத்தில் உள்ள சிறு துளை வழியாகக் கண்ணீர்க் குழாயில் இறங்கி, மூக்கின் உட்தோல் வழியே நேராக இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இதயத் துடிப்பு மந்தமாகலாம், பி.பி. இறங்கலாம், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு முட்டலாம். 2011-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், இயல்பழுத்தக் கிளாக்கோமா உள்ளவர்களில் பிரிமோனிடின் என்னும் வேறு வகைச் சொட்டு மருந்தைப் பயன்படுத்தியோரில் 9 சதவீதத்தினருக்கும் டிமோலால் பயன்படுத்தியோரில் 39 சதவீதத்தினருக்கும் பார்வைப் புலம் மோசமானது; கண் அழுத்தம் இரு குழுவினருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. டிமோலால் இரவில் பி.பி.யைக் குறைத்தது காரணமாக இருக்கலாம் என்று ஒரு சாராரும், பிரிமோனிடின் நரம்பைக் காத்தது என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். பிரிமோனிடின் குழுவில் ஒவ்வாமையால் பலர் பாதியில் விலகியதால் அந்த முடிவைச் சற்று எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டியிருக்கிறது.

சொட்டு விடும் முறையிலேயே பாதிப்பைக் குறைக்க வழி உண்டு. ஒரே ஒரு சொட்டு விட்டுக் கண்ணை மெதுவாக மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் கண்ணின் உள்முனையை, மூக்கெலும்பை ஒட்டி, இரண்டு மூன்று நிமிடம் இலேசாக அழுத்திப் பிடிக்க வேண்டும். தொண்டையில் மருந்தின் கசப்பு தெரிந்தால் விரல் சரியான இடத்தில் இல்லை என்று பொருள்.

இரத்த ஓட்டத்தைக் கூட்ட மருந்து இருக்கிறதா?

கிளாக்கோமாவுக்கென்று, இரத்த ஓட்டத்தைக் கூட்டிப் பார்வையைக் காப்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. ஜிங்கோ என்னும் மரத்தின் இலைச் சாற்று மாத்திரைகள் இந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு அவை இரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டக்கூடும். இரத்த ஓட்டக் குறைவு நோய்க்குக் காரணமா, நரம்பிழைகள் இறந்த பின் தேவை குறைந்ததால் ஓட்டமும் குறைந்துவிட்டதா என்பதே இன்னும் முழுதாகத் தீராத வழக்கு. ஓசிடி ஆஞ்சியோகிராஃபி என்னும் ஸ்கேன் ஊசி மருந்து ஏதுமின்றி நுண்குழாய் வலையைப் படம் பிடித்துக் காட்டுகிறது. கிளாக்கோமா உள்ள கண்ணில் அந்த வலை இடையிடையே அற்றுப் போயிருப்பது கண்கூடு. எது முதலில் நடந்தது என்பதை ஒரே நாளில் எடுத்த படம் சொல்லாது.

உயர் பி.பி. நேரடியாகக் கிளாக்கோமாவை உண்டாக்கும் சூழல் எதுவும் இல்லையா?

ஒரு சுற்றுவழி உண்டு, அது கொடியது. கட்டுப்படாத பி.பி.யும் சர்க்கரை நோயும் விழித்திரையின் மையச் சிரையில் அடைப்பு ஏற்படும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இரத்தமின்றித் தவிக்கும் விழித்திரை புதிய குழாய்களை முளைக்கச் செய்யும் பொருளைச் சுரக்கிறது. அந்தக் குழாய்கள் கண்ணின் முன்பகுதியில் முளைத்துப் படர்ந்து வடிகாலையே மூடிவிடுகின்றன. கடுமையான சிரை அடைப்புக்குப் பின் சுமார் மூன்று மாதங்களுக்குள் இது தலைகாட்டுவது வழக்கம். வலியோடும் மிக உயர்ந்த கண் அழுத்தத்தோடும் வரும் இவ்வகையைக் கட்டுப்படுத்துவது கடினம். ஒரு கண்ணில் திடீரென்று வலியில்லாமல் பார்வை மங்கினால், சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் அன்றே காட்ட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடற்பயிற்சி, ஆசனம், தூங்கும் முறை இவற்றில் எதை மாற்ற வேண்டும்?

வேகமான நடை போன்ற பயிற்சிகள் கண் அழுத்தத்தைச் சிறிது குறைக்கின்றன, இரத்த ஓட்டத்துக்கும் நல்லவை. மூச்சை அடக்கிக்கொண்டு பெரும் பளு தூக்குவது கண் அழுத்தத்தைச் சட்டென்று உயர்த்தும். தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தில் கண் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். கிளாக்கோமா உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது, தலை தாழாத மற்ற ஆசனங்களுக்கு இந்தத் தடை பெரும்பாலும் பொருந்தாது. தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுப்பது சிலருக்கு இரவு நேரக் கண் அழுத்தத்தைக் குறைக்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கக் கண்ணில் அழுத்தம் சற்றுக் கூடுகிறது. ஒரு கண் மட்டும் மோசமாக இருப்பவர் அந்தப் பக்கமாகவே படுக்கிறாரா என்று கேட்பது வீண் கேள்வி அல்ல. குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று விழிப்பவர்கள் அதைத் தனியாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கண் மருத்துவரிடம் எதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்?

பெரும்பாலும் மாத்திரைகளை. "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "பிரஷருக்கு ஒன்று" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. அதன் பெயர், அளவு, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்தத் தகவல் உதவும். புராஸ்டேட் தொந்தரவுக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளும் பி.பி.யை இறக்கக்கூடியவை என்பதால் அவற்றையும் சொல்ல வேண்டும். அதேபோல, பி.பி. பார்க்கும் மருத்துவரிடம் கண்ணில் விடும் சொட்டு மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். சொட்டுதானே என்று அதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது தலை சுற்றியதா, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்ததா என்பதையும் இருவரிடமும் கூறுங்கள். பகலில் எடுத்த பி.பி. எண்களில் அது தெரியாது.